பழைய ஃபியஸ்டாவுக்கு 16 அங்குல அலாய் ரிம்: மார்த்தாண்டத்துக் கடை எப்படி?

முதலில் வண்டியைப் பற்றி. ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ், 2008 மாடல், மறைமலை நகரில் செய்தது. நாலு கதவு இருப்பதால் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், சாலை என்ன சொல்கிறது என்று கைக்குத் தெரிகிற ஸ்டியரிங். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் ரப்பர் தோட்டத்து வளைவுகளில் இதை ஓட்டியவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஒரே குறை, 15 அங்குலச் சக்கரம் வீல் ஆர்ச்சுக்குள் சூம்பிப் போன மாதிரி தெரியும். டயர்களும் ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தன. மாற்றுவதென்றால் ரிம்மோடு மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

நாகர்கோவிலில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாரும் 17 அங்குல ரிம்மைத்தான் எடுத்து வைத்தார்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் இறங்கி குழித்துறைப் பக்கம் போகும் வழியில் உள்ள இந்தக் கடைக்காரர் மட்டும்தான், "வண்டி தினமும் எங்க ஓடும்?" என்று முதலில் கேட்டார். தக்கலை, நாகர்கோவில் என்றேன். "அப்ப 17 வேண்டாம் அண்ணே. பாக்க கெத்தா இருக்கும். ஆனா வில்லுக்குறி தாண்டுறதுக்குள்ள ஒரு ரிம்மு வளஞ்சிரும், கேட்டியளா."

அவர் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. என் பழைய டயர் 195/60 R15. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், அதில் 60 சதவீதம் பக்கச்சுவர் உயரம், ரிம் 15 அங்குலம். பக்கச்சுவர் உயரம் 117 மில்லிமீட்டர், மொத்த விட்டம் 615. இதற்கு 17-ல் பொருந்துவது 205/45. விட்டம் 616, அச்சு அசலாக ஒத்துப்போகும். ஆனால் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பரும் காற்றும்தானே. 195/55 R16 போட்டால் பக்கச்சுவர் 107, விட்டம் 621. மீட்டரில் 100 காட்டும்போது முன்பைவிட ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். இன்னொரு வசதி, இது புது ஐ20-யின் சைஸ். ஒரு டயர் கிழிந்தால் நம்மூரிலேயே வாங்கிவிடலாம். 205/45 R17 மினி கூப்பருக்குப் போடும் சைஸ். அதற்குத் திருவனந்தபுரத்துக்கோ அதற்கு அப்பாலோ ஆள் அனுப்ப வேண்டும்.

லோடு இன்டெக்ஸையும் பார்த்துவிடுங்கள். பழைய டயரில் 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 205/45 R17-ல் சாதாரண டயர் 84, வெறும் 500 கிலோ. நான் 195/55 R16-ல் எடுத்த மிஷ்லின் பிரைமசி 4-ல் 87, 545 கிலோ. என் வண்டிக்குத் தாராளம்.

ரிம் தேடுவதுதான் பெரிய பாடு. ஃபோர்டுக்கு நாலு போல்ட், 108 மில்லிமீட்டர் பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். கடைகளில் தொங்கும் நாலு போல்ட் அலாய்களில் முக்கால்வாசி மாருதி, ஹூண்டாய்க்கான 100. "கொஞ்சம் ராவி மாட்டிரலாம்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். அந்தப் பேச்சு வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். இங்கே 108-லேயே ஒரு செட் வரவழைத்துக் கொடுத்தார்கள், ஏழு அங்குல அகலம், ஆஃப்செட் 45. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட், அது குறைந்தால் சக்கரம் வெளியே வரும். அதற்கு முன் காட்டிய டிசைன் இதைவிட அழகு, ஆனால் ஆஃப்செட் 35. சக்கரம் பத்து மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே தள்ளி நிற்கும், பின்னால் ஆள் ஏறினால் ஃபெண்டரில் உரசும் என்று அவர்களே தடுத்துவிட்டார்கள். விலை கூடிய ஐட்டத்தை வேண்டாம் என்று சொல்லும் கடையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அடுத்தது ஹப் ரிங், ரிம்மின் நடு ஓட்டைக்கும் வண்டியின் ஹப்புக்கும் இடையில் போடும் வளையம். ஃபோர்டின் நடு ஓட்டை 63.4 மில்லிமீட்டர், வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் 73.1. இடைவெளியை நிரப்ப ரிங் போடாவிட்டால் சக்கரம் நட்டை மட்டுமே நம்பி நிற்கும், 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்க வாய்ப்புண்டு. பிளாஸ்டிக் ரிங்கும் உண்டு, நான் அலுமினியம் கேட்டு வாங்கினேன். நட்டையும் கையால் ஏற்றிவிட்டு அளவு பார்த்து முடுக்கும் டார்க் ரெஞ்சால்தான் முடுக்கினார்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி முடுக்கச் சொன்னார்கள், அதற்குக் காசு கிடையாது.

மாட்டி முடிந்ததும் கடைப் பையன்கள் மூன்று பேர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். பக்கத்துத் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்கி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்கள். உரசவில்லை.

இனி குறைகள். காலையில் விட்டால் மதியம் கிடைக்கும் என்றது, விளக்கு வைத்த பிறகுதான் கிடைத்தது. அலைன்மென்ட் பார்ப்பவர் ஒருத்தர்தான், அவர் சாப்பிடப் போனால் கடையே நிற்கும். பழைய டயருக்குக் கொடுத்த விலை அநியாயம். உட்கார ஒரு ஸ்டூல், மேலே ஒரு ஃபேன், அதுவும் மெதுவாக.

வண்டி இப்போது எப்படி? வளைவில் ஸ்டியரிங் திருப்பியதும் மூக்கு உடனே திரும்புகிறது. முப்பந்தல் காற்றில் முன்னைவிட நிதானமாக நிற்கிறது, அதில் பாதி புது டயரின் வேலை. சின்னப் பள்ளங்கள் முதுகுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகின்றன, இல்லை என்று சொன்னால் பொய். மைலேஜ் சற்றுக் குறைந்திருக்கிறது, ஆனால் என் காலும் சும்மா இருப்பதில்லை.

எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்தைத் தாண்டியது. இந்த வண்டியின் இன்றைய சந்தை விலையை நினைத்தால் வீட்டில் பேச்சு கேட்கத்தான் வேண்டும். பழைய ரிம்களை விற்றுவிடாதீர்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கும்போது, கம்பெனியில் வந்தபடி இருக்கிறதா என்ற கேள்வி வரலாம். ஸ்டெப்னி அதே 15-தான், விட்டத்தில் ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் பஞ்சர் கடை வரை தாராளமாகப் போகலாம். ஆனால் அதற்குப் பழைய நட்டுதான் சேரும், அதை டிக்கியில் போட்டு வையுங்கள். கொளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்குப் பயந்து வாரம் ஒருமுறை ரிம்மை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவது உத்தமம்.

போவதாக இருந்தால் முன்கூட்டியே போன் செய்து பிசிடியைச் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.