பலா: கொட்டையா, ஒட்டுக்கன்றா?

பண்ருட்டிச் செம்மண்ணில் பலா வைக்க நினைப்பவருக்கு முதல் குழப்பம் இதுதான்.

கொட்டைக்குச் செலவே இல்லை. பழம் தின்ற கையோடு ஊன்றிவிடலாம். உடனே ஊன்றவும் வேண்டும், காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். ஆனால் தேன்சுளை மரத்தின் கொட்டை தேன்சுளையே தரும் என்று யாரும் எழுதித்தர முடியாது. பலாவில் ஆண், பெண் பூங்கதிர்கள் ஒரே மரத்தில் தனித்தனியாக வருகின்றன. மகரந்தமோ பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வந்து சேர்கிறது. தாய் தெரியும், தகப்பன் தெரியாது! காய்க்க ஏழெட்டு ஆண்டுகளும் ஆகும்.

ஒட்டுக்கன்றில் அந்தச் சூதாட்டம் இல்லை. வேர் ஒரு கொட்டைக் கன்றுடையது, மேல்தண்டு தேர்ந்த மரத்துடையது. பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசுவான கேம்பியம் அடுக்குகள் இரண்டிலும் பொருந்தித் தொட்டால், வெட்டுக்காயத்தில் புதுத்திசு வளர்கிறது. ஆக்சின் ஹார்மோன் தூண்ட, நீரும் உணவும் செல்லும் குழாய்கள் இணைகின்றன. தண்டு முதிர்ந்த மரத்தின் கிளை என்பதால் பிள்ளைப்பருவம் அதற்கு முடிந்துவிட்டது. மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கிறது. பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1 ரகம் வேண்டுமென்றால் ஒட்டுதான் வழி. ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் கொட்டைக் கன்றுடையது, அதை மட்டும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

வேர்தான் எனக்கு உறுத்தல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் சாய்த்த பலா மரங்களைப் பார்த்தவர்கள் வேரைப் பற்றி யோசிக்காமல் இருக்க மாட்டார்கள். பையில் நாள்பட்ட ஒட்டுக்கன்றின் ஆணிவேர் சுருண்டுவிடும். கொட்டையை நிலத்திலேயே ஊன்றி, வளர்ந்த கன்றில் அங்கேயே ஒட்டுக் கட்டலாம். என் ஓட்டு அந்த ஒட்டுக்குத்தான்.