முன்குறித்தலா, சுயசித்தமா? பின்வாங்கிப்போன ஒரு நண்பனை முன்னிட்டு

யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவனே முன்குறித்துவிட்டார் என்று சொல்லும், சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் பெயரால் வந்த கால்வினிசப் போதனையில் நான் பதினோரு வருடம் இருந்தேன். கடந்த நான்கு வருடமாக ஆர்மீனியப் பக்கம் இருக்கிறேன்: தேவனுடைய கிருபையை மனிதன் ஏற்கவும் தள்ளவும் முடியும் என்ற, டச்சு இறையியலாளர் ஆர்மீனியுவின் பக்கம். இன்னும் சரியாகச் சொன்னால், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பக்கம். இரண்டிலும் வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நடுநிலையாக எழுதுவதாகச் சொல்லமாட்டேன். நான் மாறியதற்கு ஒரே காரணம்தான் உண்டு, பெரும்பாலும் அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் இரு பக்கமும் அடிக்கடி சுமத்தும் இரண்டு பழிகளைத் தள்ளிவைத்துவிடலாம். "ஆர்மீனியர்கள் சொந்த முயற்சியால் இரட்சிப்பு என்கிறார்கள்" என்பது தவறு. அது பெலாஜியு என்ற பழங்காலப் போதகரின் போதனை. 418-இல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்தது. கிருபை முந்தி வராமல் மனிதன் தேவனை நோக்கி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது என்று ஆர்மீனியுவும் போதித்தார். "கால்வினிசத்தில் மனிதன் வெறும் பொம்மை" என்பதும் தவறு. நடப்பதையெல்லாம் தேவன் நியமித்தார், ஆனாலும் அவர் பாவத்துக்குக் காரணர் அல்ல, சிருஷ்டிகளின் சித்தத்தை அவர் பலவந்தப்படுத்துவதும் இல்லை என்றுதான் கால்வினிசச் சபைகள் ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. சரி, அப்படியானால் வித்தியாசம் எங்கே? முந்தி வருகிற அந்தக் கிருபையை மனிதன் தள்ளிவிட முடியுமா, முடியாதா என்பதில்தான்.

வசனச் சண்டைக்குள் நான் அதிகம் போகவில்லை. தேவனே தெரிந்தெடுக்கிறார் என்பதற்கு ஒருவர் ரோமர் 9-ஐயும் எபேசியர் 1-ஐயும் எடுப்பார். எல்லாரும் இரட்சிக்கப்பட அவர் விரும்புகிறார், மனிதன்தான் மறுக்கிறான் என்பதற்கு மற்றவர் 1 தீமோத்தேயு 2:4-ஐயும், எருசலேமைப் பார்த்து "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று இயேசு சொன்னதையும் எடுப்பார். இது பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு லூயிஸ் தெ மோலினா 1588-இல் ஒரு வழி சொன்னார்: எந்தச் சூழ்நிலையில் யார் என்ன தெரிந்தெடுப்பார் என்பதைத் தேவன் அறிந்தே உலகத்தைப் படைத்தார் என்று. அழகான யோசனைதான். ஆனால் அதை நம்பி நான் ஒருநாளும் ஜெபித்துப் பார்த்ததில்லை, ஆகவே அதைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை.

என் காரணத்துக்கு வருகிறேன். வாலிபர் கூட்டத்தில் என்னோடு இருந்த நண்பன் ஒருவன். அதிகாலை ஜெபத்துக்கு என்னை எழுப்பிவிட்டவனே அவன்தான். நான் வேதத்தை முழுவதும் முதன்முறை வாசித்து முடித்தது அவன் கூட இருந்ததால். முப்பது வயதைத் தாண்டியபின் கொஞ்சம் கொஞ்சமாக விலகினான். ஒருநாள் என்னிடமே, "எனக்கு இப்போ இதுல எதுலயும் நம்பிக்கை இல்லடா" என்றான்.

நான் கற்றிருந்த போதனைப்படி இதற்குப் பதில் தயாராக இருந்தது. மெய்யாக இரட்சிக்கப்பட்டவன் கடைசிவரை விழமாட்டான். ஆகவே ஒன்று அவன் திரும்பி வருவான், அல்லது அவன் ஒருபோதும் இரட்சிக்கப்படவே இல்லை. பிரிந்துபோனவர்கள் முதலிலேயே நம்முடையவர்களாயிருக்கவில்லை என்கிற 1 யோவான் 2:19 இதற்கு ஆதாரம். நானே பலருக்கு இந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். அவன் விஷயத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் அழுது ஜெபித்ததைப் பக்கத்தில் முழங்காலில் நின்று பார்த்தவன் நான். அது பொய் என்றால், என்னுடையது மெய் என்று எதை வைத்துச் சொல்வேன்?

இது என் மனப்பிரமை அல்ல. இரட்சிப்புக்கென்று தேவனால் தெரிந்துகொள்ளப்படாதவர்களுக்கும் சில சமயம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைப் போலவே உணர்வு உண்டாகும், தங்களுக்கே வித்தியாசம் தெரியாத அளவுக்கு, என்று கால்வினே 'இன்ஸ்டிடியூட்ஸ்' என்ற தன் பெருநூலின் மூன்றாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை முன்பும் வாசித்திருந்தேன். நண்பன் போனபிறகு வாசித்தபோது தூக்கம் போய்விட்டது. எந்தப் போதனை எனக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேனோ, அதுவே என் இன்றைய விசுவாசத்தைச் சந்தேகப்பட வைத்தது. கடைசிவரை நின்றபிறகுதான் இன்றைக்கு நான் யார் என்பதே தெரியும் என்றாகிவிட்டது.

ஆர்மீனியப் பக்கத்தில் நிலைமை தலைகீழ். நாளைக்கு நான் விழக்கூடும். ஆனால் இன்றைக்கு நான் மன்னிக்கப்பட்டிருப்பது மெய். 1738 மே 24 அன்று லண்டனில் வெஸ்லி பெற்ற நிச்சயமும் இப்படித்தான்: தன் பாவங்கள், தன்னுடைய பாவங்களே, நீக்கப்பட்டன என்ற நிச்சயம். என் நண்பன் விசுவாசித்தான், பின்பு விலகினான் என்று நடந்ததை நடந்தபடியே என்னால் சொல்ல முடிகிறது. அவனுடைய அந்த வருடங்களை அழிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு வரலாற்று விஷயம் எனக்குப் பிடிக்கும். ஆர்மீனியு 1609-இல் இறந்தார். மறுவருடம் அவரைப் பின்பற்றியவர்கள் நெதர்லாந்தில் தங்கள் போதனையை ஐந்து குறிப்புகளாக முன்வைத்தார்கள். 1618-19-இல் டோர்ட் நகரில் கூடிய சபைச் சங்கம் அவற்றைத் தள்ளியது. கால்வினிசத்தின் "ஐந்து குறிப்புகள்" என்று நாம் மனப்பாடம் செய்வது அதற்கு வந்த பதில்தான். ஆனால் விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற ஐந்தாம் குறிப்பில், 1610-இல் அவர்கள் முடிவே சொல்லவில்லை. வேதத்தை இன்னும் ஆராய வேண்டும் என்று மட்டும் எழுதினார்கள். முடியும் என்று உறுதியாகச் சொன்னது பிறகுதான்.

என் பக்கத்திலும் ஓட்டை உண்டு. எபிரெயர் 6-இல், ருசிபார்த்து மறுதலித்துப்போனவர்களைப் புதுப்பிக்கிறது "கூடாத காரியம்" என்று இருக்கிறது. விழ முடியும் என்பதற்கு நான் காட்டும் அதே இடம், திரும்பிவருவதற்கான கதவையும் மூடுவதுபோல நிற்கிறது. விழுந்துபோன பலர் எழுந்ததைத் தானே கண்டதாக வெஸ்லி எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வசனம் இன்னும் முள்ளாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் வில்லியம் கூப்பர், தான் தேவனால் கைவிடப்பட்டவன் என்ற எண்ணத்தில் 1773-க்குப் பிறகு கடைசிவரை அவதிப்பட்டார். கால்வினிசத்தின் விளைவு என்று பலர் அவரைக் காட்டுகிறார்கள். நான் காட்டமாட்டேன். அவருக்கு அதற்கு முன்பே கடுமையான மனநோய் இருந்தது. இங்கிலாந்தின் ஓல்னி ஊரில் அவரைக் கைவிடாமல் தாங்கிய போதகர் ஜான் நியூட்டனும் கால்வினிசவாதிதான்.

துக்கத்தில் எந்தப் போதனை தாங்கும் என்று கேட்டால் என் அனுபவம் போதாது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அக்கா என்னிடம், "இது அவர் கைக்கு வெளியே நடக்கலன்னு நம்புறதாலதான் நான் எழுந்து சமைக்கிறேன்" என்றார். அவரிடம் நான் விவாதிக்கவில்லை. தேவனுடைய சர்வ ஆளுகை அங்கே செய்கிற வேலையை என் பக்கம் அதே பலத்தோடு செய்யுமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

நண்பனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். பவுலின் பேச்சைக் கேட்ட லீதியாளைக் குறித்து வேதத்தில் எழுதியிருக்கிறதே, கர்த்தர் "அவள் இருதயத்தைத் திறந்தருளினார்" என்று. அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கேட்கிறேன். பழைய சபை நண்பர்கள், "அப்போ நீ இன்னும் எங்க ஆளுதான்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஜெபித்து முடித்ததும் அவனுக்குப் போன் செய்கிறேன், ஏனென்றால் ஆம் என்றோ இல்லை என்றோ அவன்தான் சொல்லவேண்டும் என்று நம்புகிறேன்.