ஓய்வுபெற்ற லைஃப்போட்டில் ஒன்பது வருஷம்

கடலில் ஆட்களை மீட்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற லைஃப்போட் ஒன்றை வாங்கி வீடாக்கினோம். அந்தப் படகில் தங்கிய முதல் இரவு தூக்கமே இல்லை. வெளியே நின்று யாரோ கதவைத் தட்டுவதுபோல் டக், டக் என்று ஒரே சத்தம். விடிந்ததும் தேடிப் பார்த்தேன். மேல்தளத்தில் ஏறும் கடல்நீர் தானாக வடிந்துபோக வைத்த ஒருவழி வால்வுகள். அலை மோதினால் மூடும், விலகினால் திறக்கும். இப்போதெல்லாம் அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வருகிறது.

எங்களுடையது லிவர்பூல் வகை, 35 அடி 6 அங்குலம். பிரிட்டனில் 1824 முதல் கடல்மீட்பு செய்துவரும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்புக்காக 1931-இலிருந்து 1954 வரை கட்டப்பட்ட வகை இது. துறைமுகம் இல்லாத ஊர்களில் சக்கரவண்டியில் ஏற்றி, டிராக்டரால் மணலில் தள்ளிக்கொண்டுபோய்க் கடலில் இறக்குவார்கள். மணலில் இடிபடாமல் இருக்க ப்ரொப்பெல்லர்கள் அடிப்பாகத்தில் குடைந்த பள்ளத்துக்குள் இருக்கும். நாங்கள் இருக்கும் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கழிமுகத்தில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் பதறாமல் உட்கார்ந்துவிடுகிறது. பின்னோக்கி ஓட்டினால் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. நங்கூரம் போட்டு நின்றால் தொட்டில்தான்; விருந்தாளிகளுக்கு வாந்தி உறுதி.

உடல் முழுக்க மஹோகனி. மெல்லிய பலகைகளைச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் எதிர்ச்சாய்வாக இன்னொரு அடுக்கு, நடுவில் ஒரு துணி. உறுதிக்குக் குறையே இல்லை. ஆனால் ஒழுக ஆரம்பித்தால் உயிரை வாங்கும். என் கட்டிலுக்கு மேலே சொட்டிய தண்ணீரை இரண்டு குளிர்காலம் துரத்தினேன். ஓட்டை கடைசியில் அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனையில், அகப்பட்டது. தண்ணீர் இரண்டு அடுக்குக்கும் நடுவிலேயே நடந்து வந்திருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இந்தப் படகுகளின் உள்ளே இண்டு இடுக்கெல்லாம் மரத்தாலான காற்றுப்பெட்டிகள் இருக்கும். தண்ணீர் புகுந்தாலும் மிதக்கவைப்பது அவைதான். தனியார் கைக்கு வந்ததும் முதலில் தூக்கி எறியப்படுவதும் அவைதான், கட்டில் போடவும் அடுப்படிக்கும் இடம் வேண்டுமே! எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவரும் பாதிக்குமேல் கழற்றிவிட்டு, மேலே உயரமாக ஒரு வீல்ஹவுஸ், அதாவது படகை ஓட்டும் அறை, கட்டியிருந்தார். மிதப்பு குறைந்தது, மேல்பாரம் கூடியது. பார்க்க அழகு, சரி. ஆனால் லிவர்பூல் வகை கவிழ்ந்தால் தானாக நிமிராது.

அதற்குச் சாட்சி இதே வகையைச் சேர்ந்த ஜார்ஜ் எல்மி. 1962 நவம்பர் 17 அன்று, ஒரு மீன்பிடிப் படகிலிருந்து ஐந்து பேரை மீட்டுக்கொண்டு இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள சீஹம் துறைமுகத்தை நெருங்கும்போது கவிழ்ந்தது. படகிலிருந்த பத்துப் பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அதைப் பழுதுபார்த்து பூல் நகரில் மறுபடி மீட்புப் பணிக்கு வைத்தார்கள். அப்புறம் விற்றார்கள். தனியார் கைகளில் பல காலம் கிடந்து, 2009-இல் ஈபே விற்பனையில் தலைகாட்டியது. சீஹம் ஊர்க்காரர்கள் வாங்கிச் சீரமைத்து 2013-இல் சீஹமுக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இதைப் படித்த வருஷம்தான் வீல்ஹவுஸை அறுத்துத் தணித்தோம். அடுத்து பெட்டிகள். முந்தையவர் கொட்டகையில் போட்டுவைத்திருந்த பதினொன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒன்றுபோல ஒன்று இல்லை. படகின் வளைவுக்கேற்ப ஒவ்வொன்றும் ஒரு கோணல், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஓர் எண். 37 என்று எழுதியிருந்ததை நாலு இடத்தில் முட்டிப் பார்த்து, ஐந்தாவதில் வைத்தபோது கைவிரல் நுழையாத அளவுக்குப் பொருந்தியது.

வாங்க நினைப்பவர்களுக்கு: விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், வருஷாவருஷம் கரையேற்றிப் பார்க்கும் செலவுதான் பெரியது. எட்டு நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்துக்குமேல் ஆசைப்படவும் வேண்டாம். போய்ப் பார்க்கும்போது, கழற்றிய பெட்டிகள் எங்கே என்று முதலில் கேளுங்கள்.

எங்களிடம் இன்னும் நாலு பெட்டி வெளியே இருக்கிறது. அவற்றின் இடத்தில்தான் அடுப்படி அலமாரி. அரிசி டப்பாவை எங்கே வைப்பது என்று மனைவி கேட்கிறாள். பதில் கிடைக்கும்வரை அந்த நாலும் என் கட்டிலுக்கடியில்.