எட்டு ஆண்டுகளாகத் தேக்குக் கழுத்து: கிட்டாருக்கு நம் பக்கத்து மரங்கள்

தேக்கில் கிட்டார் கழுத்தா என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் கிட்டாரை அவர் கையில் கொடுத்துவிடுவேன். கட்டைவிரல் ஓடும் பின்புறத்தில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கம்பிகளுக்கு அடியில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை) நேரே, மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்று தெரியும். அது பழைய ஆணித் துளை. இரும்பு பட்டுக் கறுத்த அந்தக் கட்டை, செட்டிநாட்டு வீடு ஒன்றில் உத்தரமாக இருந்தது. துளையில் தேக்குத் தூளையும் எபாக்ஸியையும் கலந்து அடைத்தேன். கறையைச் சுரண்டி எடுக்க மட்டும் மனம் வரவில்லை.

2017-இல் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தத் துண்டை வாங்கினேன். இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு, தூண், சட்டம் எல்லாம் அங்கே வந்து சேரும். நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கு அவற்றில் நிறைய உண்டு. எனக்குத் தேவைப்பட்டது 70 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் உள்ள ஒரே ஒரு துண்டு. குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும், முடிச்சு இருக்கக் கூடாது, இழை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த துண்டைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது.

மேப்பிளை விட்டு ஏன் இந்தப் பக்கம் வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மின் கிட்டார் கழுத்துக்கு உலகம் முழுவதும் பழகிய மரங்கள் இரண்டு: ஃபெண்டர் வழியில் மேப்பிள், கிப்சன் வழியில் மஹோகனி. என் முதல் கிட்டாரின் கழுத்து மேப்பிள்தான். சென்னையில் ஐப்பசி மழை பிடித்தால் அதன் வளைவு மாறிவிடும். கம்பிகள் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். தை பிறந்ததும் மறுபடி, கழுத்துக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருக வேண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இதே வேலை. மேப்பிள் கெட்ட மரம் என்று இதற்குப் பொருள் இல்லை. பச்சை மரம் முழுக்கக் காயும்போது வளையங்களின் போக்கில் ஹார்டு மேப்பிள் ஏறத்தாழ 10 சதவீதம் சுருங்கும். தேக்கு சுமார் 5 சதவீதம்தான். ஈரம் ஏறி இறங்கும் ஊரில் இந்த வித்தியாசம் அப்படியே கழுத்தில் தெரிகிறது. என் துண்டுக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. எத்தனையோ மழைக்காலங்களைக் கூரையின் கீழ் கழித்துவிட்ட மரம் அது. கோணுவதாக இருந்தால் அங்கேயே கோணியிருக்கும்.

செதுக்குவது எளிதாக இல்லை. தேக்கின் உள்ளே சிலிக்கா இருக்கிறது. இழைப்புளியின் அலகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மழுங்கியது. எண்ணெய்ப்பசையும் அதிகம் என்பதால் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்ட வேண்டிய முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் மஞ்சள் கறை வருவது நிற்கும்வரை துடைத்து, சில நிமிடங்களுக்குள் ஒட்டிவிட வேண்டும். முதல் முறை துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து ஒட்டிய விரல் பலகை (ஃப்ரெட்டுகள் பதியும் முன்புறப் பலகை) இரண்டே நாளில் ஒரு முனையில் வாய் பிளந்தது. அதைப் பிரித்து மறுபடி ஒட்டியதற்குப் பிறகு, இன்றுவரை ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

அந்த விரல் பலகை ஆச்சா மரம். நாதசுரம் செய்யும் மரமேதான். நரசிங்கம்பேட்டையில் நாதசுரம் கடைபவர்கள் புது ஆச்சாவைத் தவிர்த்து, பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் கட்டைகளையே தேடி வாங்குகிறார்கள். காற்று ஓடும் குழல் வெடிக்கவோ கோணவோ கூடாது என்பது அவர்கள் கவலை. எனக்கும் அதே கவலை இருந்ததால் அந்த வழியையே பின்பற்றினேன். ஆச்சா கறுத்த சிவப்பு நிறம், தண்ணீரில் மூழ்கும் கனம். 0.6 மி.மீ. அகலத்தில் 22 ஃப்ரெட்டுகளுக்குக் காடி அறுப்பதற்குள் ஒரு ரம்பத்தின் பல் தேய்ந்துவிட்டது. ஆனால், எட்டு ஆண்டு வாசிப்புக்குப் பிறகும் அதில் விரல் குழி விழவில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் உலோகம் தேய்ந்து பள்ளமாகி, 2023-இல் அவற்றை மாற்றினேன். அப்போதும் பலகை புதிதாகவே இருந்தது. ஒரே குறை எடை. ரோஸ்வுட் பலகையைவிட 35 கிராம் அளவுக்குக் கூடுதல். அது கழுத்தில் இருப்பதால், நின்று வாசிக்கும்போது தலைப்பகுதி மெல்லக் கீழே சாய்கிறது. அகலமான தோல் பட்டை மாட்டிய பிறகு பெரிதாகத் தொந்தரவு இல்லை.

இனி அளவுகள். கம்பி நீளம் 648 மி.மீ., கம்பிகள் 10 முதல் 46 வரையிலான (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) வழக்கமான கட்டு. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 47 கிலோ விசையோடு கழுத்தை இழுக்கின்றன. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு நடுவில் எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளப்பேன். 0.25 மி.மீ. என்று வைத்தேன். முதல் ஆண்டில் ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருகினேன், ஃப்ரெட் மாற்றியபோது இன்னொரு சிறு திருகல். எட்டு ஆண்டுகளில் அவ்வளவுதான். பின்புறத்துக்கு வார்னிஷ் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை தேன்மெழுகு தேய்க்கிறேன். கை வியர்த்தாலும் ஒட்டாது. சித்திரையிலும் கட்டைவிரல் தடையின்றி வழுக்கிச் செல்கிறது. இந்த ஒன்றுக்காகவே இதை மறுபடி செய்வேன்.

ஒலியைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அதே உடலில் மேப்பிள் கழுத்தையும் தேக்குக் கழுத்தையும் மாற்றி மாற்றிப் பொருத்தி வாசித்தேன். கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் வரும் மாற்றத்தைவிட இது சிறியது என்பதே என் காது சொல்வது. தெளிவாகக் கேட்ட வேறுபாடு ஒன்று உண்டு. மேப்பிள் கழுத்தில் மூன்றாம் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஸ்வரம் சட்டென்று அணைந்துவிடும். கழுத்தின் சொந்த அதிர்வும் அந்த ஸ்வரமும் ஒத்துப்போய், கம்பியின் ஆற்றலைக் கழுத்து விழுங்கிவிடுவதால் வரும் குறை அது. தேக்கில் அந்த இடம் நன்றாக ஒலிக்கிறது. குறை மறையவில்லை, இரண்டாம் கம்பியின் பதினோராவது ஃப்ரெட்டுக்கு நகர்ந்திருக்கிறது. நான் அங்கே நெடுநேரம் நிற்பதில்லை என்பதால் எனக்கு இது லாபம்.

2020-இல் இரண்டாவது கழுத்தைப் பலாவில் செய்தேன். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உகந்த மரம் கிட்டாருக்கு ஆகாமலா போகும் என்ற நம்பிக்கை. பண்ருட்டிப் பக்கம் ஒரு மரக்கடையில், நன்றாகக் காய்ந்தது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நானும் ஓராண்டு பரணில் போட்டு வைத்தேன். இழைக்கும்போது மஞ்சள் தூள் பறந்து சட்டையில் ஏறிய கறை துவைத்தும் போகவில்லை. இழை அங்கங்கே எதிர்வாக்கில் திரும்புவதால் இழைப்புளி பிய்த்துவிடும். உப்புத்தாளால்தான் முடிக்க முடிந்தது. உள்ளே இரண்டு கார்பன் ஃபைபர் தண்டுகளும் வைத்தேன்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் நட் (தலைப்பகுதிக்குக் கீழே கம்பிகள் தாங்கும் சிறு கட்டை) அருகே ஒரு நேர்ச்சட்டம், கடைசி ஃப்ரெட் அருகே ஒரு நேர்ச்சட்டம் வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல் ஒன்றாகப் பார்த்தேன். இரண்டும் இணையாக இல்லை. ஒரு முனையில் ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டுவிட்டது. ட்ரஸ் ராட் இதற்கு உதவாது. கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1923-இல் காப்புரிமை பெற்ற அந்தத் தண்டு, கழுத்து முன்னோக்கி வளைவதைத்தான் தடுக்கும், முறுக்கைத் திருப்பாது. ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பலகையை மட்டமாக இழைத்து, புதிதாக அடித்தேன். ஒரு மாத வேலை.

வீணையை யோசித்துப் பார்த்தபோதுதான் என் கணக்கு எங்கே பிசகியது என்று விளங்கியது. வீணையின் ஃப்ரெட்டுகளான 24 மெட்டுகளும் மெழுகுக் கலவையின் மேல் அமர்ந்திருக்கின்றன. வீணையின் கழுத்தான தண்டி சற்றே நகர்ந்தாலும் புதிதாக மேளம் கட்டி, அதாவது மெழுகில் மெட்டுகளை மறுபடி பதித்து, சுருதியைச் சரிசெய்துகொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. மரம் நகர்ந்தால் கூடவே நகரும். வீணைக்குப் பொருந்திய மரம் என்பதை மட்டும் நம்பி யாரும் பலாக் கழுத்தில் இறங்க வேண்டாம். பழைய பலாக் கட்டை கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம். என்னுடையதும் 2021-க்குப் பிறகு அசையவில்லை. மஞ்சளாக இருந்தது வெளிச்சம் பட்டுப் பட்டு இப்போது கொம்புத்தேன் நிறத்தில் இருக்கிறது. என்னிடம் இருப்பவற்றில் அழகானது அதுதான்.

வெளிநாட்டு மரம் வாங்க வசதி உள்ளவர்களுக்கு வெங்கே நல்ல தேர்வு. ஜெர்மனியின் வார்விக் நிறுவனம் பேஸ் கிட்டார்களில் அதைப் பயன்படுத்திப் பெயர் வாங்கியது. விறைப்பில் மேப்பிளை மிஞ்சும். ஆனால் கனமும் மிஞ்சும், சிலாம்பு கையில் ஏறினால் சீழ் பிடிக்கும்.

இப்போது பரணில் மதகிரி வேம்புப் பலகை ஒன்று கிடக்கிறது. ஸ்பானிய கிட்டார்களின் கழுத்துக்குப் பயன்படும் செட்ரோ மரத்துக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்திருந்த காலமும் உண்டு. செம்பு நிறம், இலேசான எடை, மூக்கருகே கொண்டுபோனால் நல்ல மணம். நைலான் கம்பிக் கிட்டாருக்கு என்று வைத்திருக்கிறேன். ஈரம் வற்றிவிட்டதா என்று பார்க்க மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பலகையின் மேலேயே பென்சிலால் எழுதிவருகிறேன். கடந்த மூன்று மாதங்களாக 1,140 கிராமிலேயே நிற்கிறது. இந்த மழைக்காலமும் போகட்டும். தையில் மறுபடி நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுப்பேன்.