சங்ககிரி, கிருஷ்ணகிரி ஒருநாள் கோட்டைச் சுற்றுலா: மலை ஏற்றுகிறார்கள், வரலாற்றில் சறுக்குகிறார்கள்

சேலத்திலிருந்து வேனில் கூட்டிப்போய் இரண்டு மலைக்கோட்டைகளைக் காட்டிவிட்டு இரவுக்குள் திரும்ப விடுகிறார்கள். வண்டி, ஓட்டுநர், மதியச் சாப்பாடு எதிலும் குறை சொல்ல முடியாது. கோளாறு திட்டத்திலும் கைடு பேச்சிலும்தான்.

சங்ககிரி தென்மேற்கே இருக்கிறது, கிருஷ்ணகிரி வடக்கே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே மூன்று மணி நேரம் ஆகிவிடும். இரண்டாவது மலைக்கு வரும்போது பாறை கொதிக்கும். வந்தவர்களில் பலர் அடிவாரத்து நிழலை விட்டு நகர மாட்டார்கள். சங்ககிரி ஒன்றே ஒரு நாளுக்குப் போதும். விடிந்ததும் ஏறத் தொடங்க வேண்டும், ஏற மட்டும் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மேலே கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். சுனைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அடி தேய்ந்த செருப்பு ஏறும்போது தாங்கிவிடும், இறங்கும்போதுதான் காலை வாரும்.

இனி வரலாறு. 1799-ல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் இறந்ததும் சேலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது என்கிறார் கைடு. தவறு. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். இரண்டு மகன்களைப் பிணையாகக் கொடுத்தார். பாராமகாலும் (கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும் கைமாறியது அப்போதுதான். 1799-ல் வந்தது ஓசூர்ப் பக்கம். நடுவிலிருந்த ஏழு ஆண்டுகள் இது எல்லைச் சீமை. இன்னொன்றும் உண்டு: 1791 நவம்பரில் கம்பெனியின் மேக்ஸ்வெல் படை கிருஷ்ணகிரியைத் தாக்கி, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. கோட்டை கிடைத்தது கையெழுத்தில். அந்த மலைக்கே கூட்டிப்போய் இதைச் சொல்லாமல் விடுகிறார்களே!

தீரன் சின்னமலை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதை மட்டும் கைடு மிகைப்படுத்தாமல் நன்றாகச் சொல்கிறார். (ஆடி 18 அன்று அஞ்சலிக் கூட்டம் இருக்கும், நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள் போகலாம்.)

கைடு பேச்சில் பெரிய ஓட்டை நில வரி. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் 1792 முதல் 1799 வரை இங்கே இருந்து, வயல் வயலாக அளந்து, குடியானவரிடமே நேராக வரி பேசினார்கள். ரயத்துவாரி என்ற இந்த முறை முளைவிட்ட மண் இது. 1802-க்குப் பின் கம்பெனியே அதைத் தலைகீழாக்கியது. சீமையை மிட்டா என்ற வரித் தொகுதிகளாகப் பிரித்து ஏலம் விட்டது. வரி கனமாக இருந்ததால் ஏலம் எடுத்த மிட்டாதார்கள் பலர் பாக்கியில் விழுந்தார்கள், நிலம் அரசிடமே திரும்பியது, ரயத்துவாரியும் மீண்டது. உச்சியில் நின்று கீழே தெரியும் வயல்களைக் காட்டி ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். அந்த நேரம் செல்ஃபிக்குப் போகிறது.

பதிவு செய்யும்போதே சங்ககிரி மட்டும் போதும் என்று கேளுங்கள். ஒத்துக்கொள்கிறார்கள், கட்டணத்தை மட்டும் குறைப்பதில்லை.