மாநிறத்துக்கு நான்கு குழாய் போதுமா? 'ஜோர்ன்' ஆயில் கலர் செட்

வெள்ளை, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் ரெட் லைட் (இளஞ்சூட்டுச் சிவப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு). இந்த நான்கையும் 'ஜோர்ன் பேலட்' (ஜோர்னின் வண்ணத் தொகுப்பு) என்று ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஜோர்ன் (1860–1920) பெயரில் வந்தது. அவர் வைத்திருந்த சிவப்பு வெர்மிலியன் என்ற பழைய நிறமி; செட்டில் அதற்குப் பதிலாகத்தான் காட்மியம். தன் முகத்தைத் தானே வரைந்து பார்க்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் வெள்ளையிடம் ஜாக்கிரதை.

செட்டில் நீலம் இல்லாததுதான் இதன் நல்ல குணம். கறுப்பில் வெள்ளை கலந்தால் சிவப்புக்குப் பக்கத்தில் அது நீலமாகத் தெரியும். கறுப்பில் ஆக்கர் கலந்தால் பாசிப்பச்சை. 'மாநிறம்' என்று ஒரே சொல்லில் நாம் முடித்துவிடுகிற முகத்தில் நெற்றி மஞ்சளோடுகிறது, மூக்கும் காதும் சிவக்கின்றன, தாடையடி பச்சை தட்டுகிறது. இதையெல்லாம் கண்ணாடியில் தேடிப் பார்க்காமல் இந்தச் செட்டில் ஒரு கன்னம்கூடத் தேறாது.

ஜோர்ன் காலத்து வெள்ளை ஈய வெள்ளை; மென்மையானது. பெட்டியில் வருவது டைட்டானியம். கன்னத்தை வெளுப்பாக்க அதைத் தொட்டீர்களோ, முகம் சாம்பல் பூத்துவிடும். மூன்று பங்கு ஆக்கர், ஒரு பங்கு சிவப்பு, கறுப்பு ஒரு துளி என்று தொடங்குங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் முதலில் ஆக்கரைக் கூட்டுங்கள்; வெள்ளை கடைசியில், மூக்கு நுனிக்குக் கோதுமை மணியளவு. நிழலில் வெள்ளையே கூடாது.

நல்ல கறுத்த முகத்துக்குச் செட் போதாது, பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பைத் தனியாக வாங்க வேண்டும். கோட்டுருவத்துக்கும் அதுவே நல்லது, சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் மெதுவாகக் காய்வதால், அதை அடியில் தடிமனாகப் போட்டால் மேற்பூச்சு வெடிக்கும்.

சிவப்புக் குழாயின் பின்புறம் பி.ஆர். 108 (PR 108) என்ற நிறமிக் குறியீடு இருந்தால் அசல் காட்மியம். பெயரோடு 'ஹ்யூ' (Hue) என்றிருந்தால் மாற்று நிறமி. கலவையின் பங்கை முதலில் ஒரு துண்டுக் கான்வாஸில் சரிபாருங்கள்.

கண்ணாடிப் பரப்பில் தெரியும் முகம் உண்மை அளவில் சரிபாதிதான். மார்க்கரால் ஓரம் வரைந்து அளந்தால் நம்பிக்கை வரும். வகிடும் மச்சமும் பக்கம் மாறியிருக்கும். படத்தைப் பார்க்கும் வீட்டார் "என்னவோ மாதிரி இருக்கே" என்பது அதனால்தான். அவர்களுக்குத் தெரிந்தது பக்கம் மாறாத முகம். வீட்டில் ஒருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து, இருபது நிமிடம் மாற்றி மாற்றி ஒருவரையொருவர் வரைந்து, அவர் வரைந்த உங்கள் முகத்தையும் கண்ணாடி பார்த்து நீங்கள் வரைந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புருவத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

நான்கு குழாயும் ஒரே அளவில் வருவதுதான் அசட்டுத்தனம். ஆக்கர் வலுக்குறைந்த நிறம், மாநிறத்துக்கு அதுதான் முதலில் தீரும். வாங்கும்போதே இன்னொன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.