சர்வீஸுக்குப் போன லேப்டாப்பில் ஒளிந்திருந்த அட்மின் கணக்கு: கவனம்!

மெதுவாக ஓடுகிறது என்று சர்வீஸுக்குக் கொடுத்த விண்டோஸ் லேப்டாப் நல்ல வேகத்தோடுதான் திரும்பி வந்தது. ஆனால் ஒரு மென்பொருளை நிறுவியபோது அட்மின் (கணினியில் எதையும் மாற்றும் முழு அதிகாரம் உள்ள கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் யூஏசி பெட்டி, அதாவது முக்கிய மாற்றங்களுக்கு முன் விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டி, வரவே இல்லை. போய்ப் பார்த்தால், சாதாரணப் பயனராக வைத்திருந்த என் கணக்கை அட்மினாக மாற்றி, யூஏசி அளவையும் அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார்கள்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டில், அட்மின் கணக்குகளைப் பட்டியலிடும் 'நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' (net localgroup administrators) என்ற கட்டளையைக் கொடுத்தேன். பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு பெயர். லாகின் திரையில் அது தெரியாது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் எந்தக் கணக்கையும் அங்கே மறைத்துவிடலாம். (அதே பட்டியலில் விண்டோஸின் சொந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கும் இருக்கும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே அது முடக்கப்பட்டுத்தான் வருகிறது, பயப்பட வேண்டாம்.) போதாக்குறைக்கு, தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஒன்று நிலையான பாஸ்வேர்டோடு, கணினி தொடங்கும்போதே ஓடும்படி இருந்தது. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதும்!

கடைக்குப் போன் செய்தேன். "எல்லாருக்கும் அப்படித்தான் சார் செய்வோம். அடுத்த தடவை பிரச்சினைன்னா இங்கிருந்தே பார்த்துடலாம்ல?" என்றார், உதவி செய்த தொனியில். நான் அதைக் கேட்கவில்லையே என்றதற்குப் பதில் இல்லை.

இத்தனைக்கும் அட்மின் பாஸ்வேர்டை நான் கொடுக்கவே இல்லை. என்கிரிப்ட் செய்யாத (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டாத) டிஸ்க் கையில் இருந்தால் அது தேவையும் இல்லை. யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, உள்ளே புதுக் கணக்கை உருவாக்கிவிடலாம். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால், அதைத் திறக்கும் ரெக்கவரி கீ இல்லாமல் அந்த வழி அடைபடும். கீயை அதே லேப்டாப்பில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

கணக்கை மட்டும் நீக்கிவிட்டால் போதுமா என்று சிலர் கேட்கலாம். போதாது. அட்மினாக இருந்தவர் வேறென்ன வைத்துவிட்டுப் போனார் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. அதனால் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை அழித்து விண்டோஸை முதலிலிருந்து நிறுவினேன். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றி, எல்லா இடத்திலும் லாக்அவுட் செய்தேன்.

கீபோர்டு, ஸ்கிரீன், பேட்டரி வேலைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். சோதிக்க, டிஸ்க் இல்லாமலே கணினியை இயக்கும் ஒரு லைவ் யூஎஸ்பி போதும். டிஸ்க்கோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வேறு கடை பாருங்கள்.